புல் தரையும் கோப்பி மலையும்

ஆண்டுதோறும் ஆனி, ஆடி மாதங்களில் உலகப் பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்கள் இலண்டன் மாநகரின் ஒரு மூலையை நோக்கித் திரும்பிவிடுகின்றன. விம்பிள்டன் என்னும் அவ்விடத்தில், பசும்புல் தரையில் நடைபெறும் டென்னிஸ் போட்டியே இவ்வகைப் போட்டிகளுள் மிகப் பழமையானது. 1877ஆம் ஆண்டு தொடங்கி, வென்றவர் பெயர்கள் வரிசை குலையாமல் பதிவு செய்யப்பட்டு வருகின்றன. அவ்வரிசையில் இரண்டாவதாக நிற்கும் பெயரைப் பற்றியே நாம் இங்கு ஆராய விரும்புகிறோம். ஏனெனில் அந்த வெற்றியின் வேர் தேம்ஸ் நதிக்கரையோடு நின்றுவிடவில்லை. இலங்கை மலைநாட்டின் கோப்பித் தோட்டங்கள் வரை அது ஓடுகிறது.

இந்தியச் சக்கரவர்த்தினியாக விக்டோரியா டில்லி தர்பாரில் பிரகடனம் செய்யப்பட்டதும் அதே 1877ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அகில இங்கிலாந்துக் குரோக்கே, புல்தரை டென்னிஸ் கழகம் தன் முதற் போட்டியை நடத்தியது. தரையைச் சமப்படுத்தும் உருளையொன்றைப் பழுதுபார்க்கப் பணம் வேண்டியிருந்ததே போட்டிக்குக் காரணம் என்பர். நுழைவுக் கட்டணம் ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். இலங்கைத் தோட்டத்தில் நாட்கூலி அரை ரூபாயைத் தொடாத காலம் அது. ஒரு தொழிலாளியின் முழு மாத உழைப்பையும் விழுங்கக்கூடிய தொகையை வைத்தால்தான் அப்புல்தரையில் கால் பதிக்க முடியும். 22 கனவான்கள் மோதினர். ஸ்பென்சர் கோர் என்பவர் வென்றார்.

மறு ஆண்டு 34 பேர் வந்தனர். அவர்களுள் ஒருவர் பாட்ரிக் பிரான்சிஸ் ஹாடோ. வயது 23, ஹாரோ பள்ளியிற் பயின்றவர், இலங்கையில் கோப்பித் தோட்டத் துரை. விடுமுறையைக் கழிக்கத் தாயகம் வந்த இவர், ஏனையோரையெல்லாம் வீழ்த்திவிட்டு நடப்பு வெற்றியாளரான கோரை எதிர்த்தார். கோரின் ஆட்டமுறை வலையை ஒட்டி நின்று, பந்தைத் தரையில் விழவிடாமல் அடித்து வீழ்த்துவது. ஹாடோ அதற்கு மாற்று ஒன்று கண்டார். எதிராளியின் தலைக்கு மேலாக, அவர் கைக்கு எட்டாத உயரத்தில், பந்தை வளைத்துத் தூக்கி அனுப்பினார். கோர் முன்னும் பின்னுமாக ஓடிக் களைத்தார். 7-5, 6-1, 9-7 என்ற கணக்கில் கிண்ணம் ஹாடோவின் கைக்கு வந்தது. இன்று உலகெங்கும் 'லொப்' என வழங்கும் அடி அன்று அவர் கையிற் பிறந்ததென்பர்.

கிண்ணத்தை வென்றவர் இலங்கைக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு பட்டத்தைக் காக்கவும் அவர் செல்லவில்லை. 1926இல் போட்டியின் பொன்விழாவின்போதுதான், முதியவராக, மேரி மகாராணியிடம் பதக்கம் பெற மீண்டும் விம்பிள்டனுக்குப் போனார். 1946இல் 91 வயதில் மறைந்தார். அவர் திறமையை நாம் குறைத்துப் பேசவில்லை; வலைக்கு மேலே வழி கண்ட அறிவு மெச்சத்தக்கதே. ஆயினும் வரலாற்று மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கடல் கடந்து போகவும், பயிலவும், விளையாடவும் வேண்டிய ஓய்வை அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தவர் யார்?

தாது வருடத்து மக்கள்

ஓய்வு வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருவனுக்கு வாய்க்கும் ஓய்வு மற்றொருவன் உழைத்துச் சேர்த்த நேரம். விம்பிள்டனில் முதலிரு போட்டிகளும் நடந்த அதே காலத்தில், 1876 முதல் 1878 வரை, சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் தின்றுகொண்டிருந்தது. 50 இலட்சம் உயிர்களுக்கு மேல் மாண்டதாகக் கணக்கிடுவோர் உண்டு. நிவாரண வேலைத்தலங்களில் நாள் முழுவதும் மண் சுமந்த ஆணுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்ட் டெம்பிள் விதித்தார். மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் தானியம் துறைமுகங்கள் வழியே கப்பலேறியது.

அப்பஞ்சத்துக்குத் தப்பியோர் பலர் கங்காணியின் பின்னே கடல் தாண்டினர். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம் ஆகிய சீமைகளின் நிலமற்ற குடும்பங்கள் அவை. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே 100 மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தார்கள். கொள்ளைநோயும் பசியும் பாதையோரத்தில் விட்டுவைத்தவர்கள் மட்டுமே மலை ஏறினார்கள். ஊவாவுக்கு வந்தவர்களுக்கோ அதற்கப்பாலும் மலைத்தொடர்கள் காத்திருந்தன. அப்புத்தளைக்கு இரயில் வந்தது 1893இல், பண்டாரவளைக்கு 1894இல், பதுளைக்கு 1924இல். அதுவரை கோப்பியை இறக்கியவை மாட்டு வண்டிகள். மனிதர்களை ஏற்றியவை அவர்களுடைய கால்களே.

அவர்கள் ஏறிய மலையும் வெற்று மலையாக இருந்ததில்லை. 1817-18இல் ஊவா வெல்லச மக்கள் ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தபோது, அக்கிளர்ச்சி நெருப்பாலும் வாளாலும் அடக்கப்பட்டது. 1840ஆம் ஆண்டின் முடிக்காணிச் சட்டம், உறுதி காட்ட இயலாத காடும் சேனை நிலமும் அரசுக்கே உரியவை என்றது. அவ்வாறு சிங்களக் குடியானவன் கையிலிருந்து நழுவிய மலையில்தான் தமிழ்த் தொழிலாளியின் முதுகு வளைக்கப்பட்டது. இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் பகைவராகக் காட்டுவோர் இந்த வரலாற்றை மறைத்தே பேசுகின்றனர்.

மடுல்சீமையில் விழுந்த புள்ளி

ஹாடோ வென்ற 1878ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பி நிலப்பரப்பு உச்சத்தை எட்டியிருந்தது. சுமார் 2,75,000 ஏக்கர். ஆனால் அந்த உச்சிக்குள் அழிவு குடிபுகுந்துவிட்டது. 1869இல் நமது மடுல்சீமையில் கோப்பி இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சட் புள்ளிகள் தோன்றின. கோப்பித் துரு என்னும் அந்நோய் தோட்டந்தோட்டமாகப் பரவி இலைகளை உதிர்த்தது. விளைச்சல் வீழ்ந்தது; உலகச் சந்தையில் விலை ஏறியதால் வீழ்ச்சி சில ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலும் காடழித்தார்கள், மேலும் கடன் வாங்கினார்கள். 1884இல் ஓரியண்டல் பாங்கு முறிந்தபோது கோப்பி யுகத்துக்குத் திரை விழுந்தது.

துரைமார் பலர் கப்பலேறினார்கள். தொழிலாளிக்கு அந்த வழியும் எளிதாக இல்லை. கங்காணியிடம் பட்ட கடன் 'துண்டு' என்ற சீட்டாக அவன் கழுத்தில் தொங்கியது. ஒரு தோட்டத்துக் கடனை மற்றொரு தோட்டம் ஏற்றாலன்றி அவன் இடம் பெயர இயலாது. அம்முறை ஒழிய 1921 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கோப்பி வேர்களைப் பிடுங்கிய அதே கைகள் தேயிலைக் கன்றுகளை நட்டன. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளையருகே தம்பேதன்னையை வாங்கினார். பயிர் மாறிற்று, முதலாளி மாறினார், பெரட்டுக்களத்தில் விடியுமுன் நிற்பவன் மாறவில்லை.

சமதளத்தின் விலை

மலைநாட்டில் எல்லாவற்றினும் அரிய பொருள் சமதளம். வீடும் வாசலும் பாதையும் மலையை வெட்டித்தான் அமைய வேண்டும். ஒற்றையர் ஆட்டத்துக்கான களம் ஒன்றின் நீளம் 78 அடி, அகலம் 27 அடி. பரப்பு 2,106 சதுர அடி. தொழிலாளியின் லயக் காம்பிரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. 120 சதுர அடி. ஆகவே ஆட்டக் கோடுகளுக்குள் மட்டும் 17 காம்பிராக்கள் அடங்கிவிடும். ஒரு காம்பிராவில் ஒரு குடும்பம் சமைத்தது, உண்டது, உறங்கியது, பிள்ளை பெற்றது. பங்களாவின் முன்னே புல்தரைக்கு இடம் கண்ட திட்டம், லயத்துப் பிள்ளை ஓடியாட இடம் காணவில்லை. புல்லை வெட்டவும் உருளையை இழுக்கவும் பந்தைப் பொறுக்கிக் கொடுக்கவும் மட்டுமே உழைப்பாளியின் கரம் அங்கு அனுமதிக்கப்பட்டது.

இதனால் டென்னிஸ் ஆட்டமே தீயது என்று முடிவு கட்டுவோர் உண்டாயின் அவர்களோடு நாம் உடன்படோம். உடலின் அழகும் மனத்தின் விரைவும் கூடிய எந்த ஆட்டமும் மனித குலத்தின் சொத்து. அது சிலருக்கு மட்டும் வேலியிடப்பட்டதே குற்றம். அவ்வேலி இயற்கையானதன்று என்பதற்கு விம்பிள்டன் பட்டியலே சான்று. ஹாடோ வென்று 79 ஆண்டுகளுக்குப் பின், 1957இல், அதே போட்டியின் பெண்கள் பட்டத்தை அல்தியா கிப்சன் வென்றார். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பருத்திக் காட்டில் வாரத்துக்கு உழுத கறுப்பினப் பெற்றோரின் மகள் அவர். 1971இல் வென்ற இவோன் கூலகோங், ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்த, ஆட்டு மயிர் கத்தரிக்கும் தொழிலாளியின் மகள். நமது மொழி பேசும் இராமநாதன் கிருஷ்ணன் 1954இல் அங்கு இளைஞர் பட்டம் பெற்றார்; 1960, 1961 ஆகிய ஆண்டுகளில் அரையிறுதியை எட்டினார். 1878இல் தோட்டத்துரை தூக்கிய புகழை, 1957இல் வயற்காட்டின் மகள் தூக்கினாள். இடையில் மாறியது ஆட்டத்தின் விதி அன்று. வாயிலைத் தட்டிய மக்களின் பலம்.

அந்தப் பலம் ஊவாவிலும் தலை காட்டியதுண்டு. 1940இல் பதுளைப் பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்த அலை எழுந்தது. வெவெஸ்ஸ தோட்டத்தில் தொழிலாளர் தமக்கென ஒரு குழுவைத் தெரிந்தெடுத்தனர். அக்குழுவைக் கலந்தே நடப்பதாகத் துரை இணங்க நேர்ந்தது. தடையை மீறி என். எம். பெரேரா பதுளையில் பேசியபோது மக்கள் திரண்டனர். சிங்களத் தலைவரும் தமிழ்த் தொழிலாளரும் ஒரே மேடையில் நின்ற அந்த மே மாதத்தை எந்த விளையாட்டுப் பட்டியலும் பொறிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. பின்னர் பல பதிற்றாண்டுகள் போராடிக் குடியுரிமையை மீட்டனர். ஆனால் பாதுகாப்பான நிலம் கிட்டவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. சமதளம் யாருக்கு, சரிவு யாருக்கு என்ற பழைய பங்கீட்டின் கணக்கு அன்றும் உயிர்களால் தீர்க்கப்பட்டது.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! தோட்டத்தில் ஒரு நாட்கூலிக்குப் 'பேர்' என்றே பெயர். குறித்த இறாத்தல் எட்டாவிடில் 'அரைப்பேர்'. முழு நாளும் உழைத்தும் பாதி மனிதனாக எண்ணப்பட்டவர்களின் சொல் அது. வகுப்பறையில் 1878க்கு நேரே ஹாடோவின் பெயரை எழுதும்போது, அதன் பக்கத்தில் தாது வருடத்தையும், மடுல்சீமைக் கோப்பி இலையையும், மன்னார்ப் பாதையையும் சேர்த்து எழுதுங்கள். லயத்துப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் வேண்டுமென்று கேட்பது ஆடம்பரம் என்பார்க்கு, அவர்களுடைய பாட்டன்மாரின் ஓய்வு ஏற்கெனவே ஒரு முறை கிண்ணமாக உருக்கப்பட்டுவிட்டது என்று எடுத்துச் சொல்லுங்கள். நாம் கேட்பது தானமன்று. நெடுநாளாகப் பாக்கி நிற்கும் முழுப்பேர்.