எட்டுப் பேர் எழுந்து போனார்கள்

என் தமக்கையின் மகன் ஒரு கம்பெனி ஆரம்பித்திருக்கிறான். கம்பெனி என்றால் ஒரு மாடி அறை, நான்கு நாற்காலி, மூன்று கம்ப்யூட்டர். போன வாரம் வந்தான். "மாமா, ஆள் எடுக்கப் போகிறேன். விளம்பரத்துக்கு நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஊரிலேயே கெட்டிக்காரர்களாக வந்து சேர வேண்டும்" என்றான்.

"சேர்ந்த பிறகு அவர்களை எப்படி வைத்துக்கொள்ளப் போகிறாய்?" என்று கேட்டேன்.

அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். அவனுக்குச் சொன்னது, அமெரிக்காவில் ஒரு மேதை கம்பெனி நடத்திய கதை.

மேதையின் பெயர் வில்லியம் ஷாக்லி. இன்று நம் சட்டைப்பைக்குள் அடங்கும் டெலிபோனுக்கும் மேஜைமேல் இருக்கும் கம்ப்யூட்டருக்கும் வித்து, டிரான்ஸிஸ்டர் என்ற சிறு பொருள். 1947 டிசம்பரில் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் அதை முதலில் இயக்கிக் காட்டியவர்கள் பார்டீன், பிராட்டன் என்ற இருவர். அவர்களுக்குத் தலைவர் ஷாக்லி. தன் ஆட்கள் ஜெயித்தால் தலைவன் மகிழ வேண்டும். இவருக்கோ, அந்த வெற்றியில் தம் கை நேராகப் படவில்லையே என்ற குமைச்சல். தனியே உட்கார்ந்து யோசித்து, மறுமாதமே அதைவிட மேலான டிரான்ஸிஸ்டர் ஒன்றுக்கு வழி கண்டுவிட்டார். பொறாமையைக் கடைந்தாலும் அமுதம் வரும் போலிருக்கிறது! ஆனால் கூடவே விஷமும் வந்தது. பார்டீன் 1951இல் வேலையை விட்டே போய்விட்டார். பிராட்டன் வேறு பிரிவுக்கு மாற்றிக்கொண்டார்.

1955இல் ஷாக்லி சொந்தத் தொழிலுக்குப் புறப்பட்டார். ஆர்னால்ட் பெக்மன் என்ற தொழிலதிபர் பணம் போட்டார். கலிபோர்னியாவில், அப்போது பழத்தோட்டங்கள் நிறைந்திருந்த பிரதேசத்தில், மவுண்டன் வியூ என்ற ஊரில் இடம் பிடித்தார்கள். ஷாக்லி முதலில் பெல் கூடத்துப் பழைய சகாக்களைக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. கதை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒரு மனிதருடைய சுபாவத்தைக் காட்ட இந்த ஒரு வரி போதும்.

பழகியவர்கள் வராததால் பழகாதவர்களைத் தேடினார். இந்த விஷயத்தில் அவருக்கு ஈடு கிடையாது. ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர், இரண்டு டாக்டர் பட்டம் பெற்ற ஜீன் ஹோர்னி என்று, முப்பது வயதை ஒட்டிய ரத்தினங்களாகப் பொறுக்கி எடுத்தார். வந்தவர்களை நியூயார்க்குக்கு அனுப்பி, மனோதத்துவப் பரீட்சை வேறு வைத்தார்.

1956 நவம்பர் முதல் தேதி ஷாக்லிக்கு நோபெல் பரிசு என்ற செய்தி வந்தது. பார்டீனோடும் பிராட்டனோடும் பங்கிட்ட பரிசு. எல்லாரையும் ஹோட்டலுக்கு அழைத்துப் போய் விருந்து வைத்தார். அந்த விருந்தின் புகைப்படம் இன்றும் இருக்கிறது. இளைஞர்கள் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துகிறார்கள், தலைவர் சிரிக்கிறார். அதற்குப் பத்து மாதங்கள்கூட அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

பரீட்சை வைத்துத் தேர்ந்தெடுத்தவர்களையே ஷாக்லியால் நம்ப முடியவில்லை. ஒருவர் கண்ட முடிவைச் சொன்னால், அவர் எதிரிலேயே பெல் கூடத்துக்குப் போன் செய்து சரிதானா என்று விசாரிப்பார். ஒருநாள் காரியதரிசிப் பெண்ணின் விரலில் ஏதோ கிழித்து ரத்தம் வந்தது. யாரோ சதி செய்துவிட்டார்கள் என்றும், பொய் கண்டுபிடிக்கும் கருவிமுன் ஆட்களை உட்கார வைக்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தார். கடைசியில் பார்த்தால், கதவில் குத்தியிருந்த ஒரு முள்ளாணி தலை ஒடிந்து நின்றிருக்கிறது! இதற்கிடையே, ஸிலிக்கன் டிரான்ஸிஸ்டர் செய்ய வந்தவர்களைத் தமக்குப் பிடித்த வேறொரு கருவியின் பக்கம் திருப்பினார்.

இளைஞர்கள் பெக்மனிடம் போய் முறையிட்டார்கள். முதலில் இரக்கத்துடன் கேட்ட பெக்மன், பிறகு ஷாக்லியின் பக்கமே நின்றார். 1957 செப்டம்பர் 18ஆம் தேதி எட்டுப் பேர் ராஜிநாமா கொடுத்தார்கள். 'துரோகிகள் எண்மர்' என்று சரித்திரத்தில் பெயர். ஆர்தர் ராக் என்ற இளைஞர் அவர்களுக்காக முதலாளி தேடி அலைந்து, ஷெர்மன் ஃபேர்சைல்டைப் பிடித்தார். தலைக்கு 500 டாலர் எட்டுப் பேரும் போட்டார்கள். ஃபேர்சைல்டின் கம்பெனி ஏறக்குறைய 14 லட்சம் டாலருக்குப் பொறுப்பேற்றது.

அடுத்த ஆண்டே ஐ.பி.எம். கம்பெனி அவர்களிடம் 100 டிரான்ஸிஸ்டர், ஒன்று 150 டாலர் விலையில் வாங்கியது. 1959இல் ஹோர்னி ஒரு புதிய செய்முறை கண்டார். அதன்மேல் நின்று, பல பாகங்களை ஒரே ஸிலிக்கன் துண்டில் அமைக்கும் வழியை நாய்ஸ் கண்டார். 1968இல் நாய்ஸும் மூரும் தொடங்கியது இன்டெல். பழத்தோட்டம் ஸிலிக்கன் பள்ளத்தாக்கு ஆயிற்று. ஷாக்லியின் கம்பெனியோ லாபம் என்பதையே காணாமல் 1960இல் கைமாறியது. அவர் பிற்காலத்தில், இன்ன இனத்தாருக்கு அறிவு குறைவு என்று வாதாடிப் பெயரைக் கெடுத்துக்கொண்டு, 1989இல் மறைந்தார். மனிதர்களை அளந்து பார்க்கும் ஆசை கடைசிவரை அவரை விடவில்லை.

அந்த எட்டுப் பேரையும் உத்தமர்களாக்கி முடிக்க எனக்கு மனமில்லை. ஃபேர்சைல்டிலும் பின்னால் மனக்கசப்பு வந்தது. அங்கிருந்தும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பினார்கள். நல்ல ஆட்களை வைத்துக்கொள்ளும் வித்தை ஒருமுறை கற்றால் போதும் என்பதில்லை. தினமும் கற்க வேண்டியிருக்கிறது.

ஆராயாமல் ஒருவனைத் தேர்ந்துகொள்வதும், தேர்ந்துகொண்ட பிறகு அவனைச் சந்தேகிப்பதும் தீராத துன்பம் என்ற கருத்தை வள்ளுவர் 'தெரிந்து தெளித'லில் வைத்திருக்கிறார். ஷாக்லி முதல் பாதியில் நூற்றுக்கு நூறு வாங்கினார். இரண்டாவது பாதியைத் திறந்தே பார்க்கவில்லை.

"அப்படியானால் பரீட்சை வைக்க வேண்டாமா, மாமா?" என்றான் பையன்.

"எத்தனை வேண்டுமானாலும் வை. ஆனால் வேலைக்குச் சேர்த்த அன்றோடு பரீட்சை முடிந்தது என்று வைத்துக்கொள்" என்றேன்.

இனி, என் காரணம். இருபத்திரண்டு வயதில் இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சிறுபத்திரிகை ஒன்று நடத்தினேன். கெட்டிக்காரர்கள் என்று நானே தேடிச் சேர்த்தவர்கள்தான். அவர்கள் எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் நான் திருத்தினேன். ஒருவருடைய கதையின் முடிவையே, கேட்காமல், மாற்றி அச்சுக்குக் கொடுத்தேன். நாலாவது இதழோடு இருவரும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். ஐந்தாவது இதழ் வரவே இல்லை.

அந்தக் கதைக்காரர் இன்று என்னைவிட நன்றாக எழுதுகிறார். பத்திரிகைகளில் அவர் கதை வந்தால் தவறாமல் படிக்கிறேன். முடிவுகளெல்லாம் சரியாகவே இருக்கின்றன.