அணிலுக்கு எந்தத் துப்பாக்கி?



தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸப்பில் கேட்டிருந்தார்: "சார், அணில் குரும்பையை எல்லாம் கடித்துப் போடுகிறது. சுடுவதற்கு ஏர் கன் வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?" ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் நம் பக்கத்தில் யார் எந்தத் துப்பாக்கியை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு 200 வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் பதில் நன்றாக விளங்கும். பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கேள்வி சர்வசாதாரணமாக எழுகிற நாடு அமெரிக்கா. அங்கே அணில் வேட்டைக்கென்று பருவம் உண்டு, அதற்கு அனுமதிச்சீட்டும் உண்டு. பாயிண்ட் 22 ரைஃபிளா, சிதறு ரவைத் துப்பாக்கியா என்பதுதான் வேட்டைக்காரர்களின் வாதம். ரைஃபிள் குழலுக்குள் சுருள் வரி இருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும், குறி தப்பினால் வெகுதூரம் போய் எங்கோ விழும். ரவைத் துப்பாக்கியின் குழல் வழவழப்பானது. பல ரவைகள் பரவிப் போய்ச் சீக்கிரம் வேகம் இழந்துவிடும். இன்று அவர்கள் போடும் பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-ல் வந்தது. எதை எடுப்பது என்பதை அங்கே வேட்டைக்காரர் முடிவு செய்கிறார்.

நம் ஊரில் அப்படி இல்லை. இங்கே துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்தது சட்டம்.

1792-ல் திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி சேலம், பாரமகால் பகுதிகளைக் கும்பெனியாருக்குக் கொடுத்தார். 1801-ல் தெற்கே பாளையக்காரர் போர் முடிந்ததும், சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களைப் பறிக்கவும் ஆணையிட்டார். வேலும் வாளும் வெடியும் வீட்டுப் பொருளாக இருந்த நாடு அது. பிறகு 1857 கிளர்ச்சி வந்தது. அதன் பயம் நீங்காமல் 1878-ல் லிட்டன் பிரபு இந்திய ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்தார். லைசென்ஸ் இல்லாமல் இந்தியர் துப்பாக்கி வைக்கக்கூடாது. ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு விதிவிலக்கு. எட்டாம் வகுப்பில் லிட்டன் பிரபு என்றால் 'வட்டார மொழிப் பத்திரிகைச் சட்டம்' என்று ஒப்பிப்பீர்களே, அதே வருடம், அதே மனிதர். ஒரே வருடத்தில் பேனாவுக்கும் பூட்டு, துப்பாக்கிக்கும் பூட்டு.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். மேட்டூர் அணைக்கு வரும் காவிரி குடகில் பிறக்கிறது. 1857-ல் விசுவாசமாக இருந்தார்கள் என்று 1861-ல் குடகர்களுக்கு ஆயுதச் சட்டத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். அந்தச் சலுகை இன்றும் தொடர்கிறது. ஆறு ஒன்றுதான். மேலே இருப்பவருக்கு லைசென்ஸ் வேண்டாம், கீழே கடலைக்காட்டுக்குக் காவல் இருப்பவருக்கு வேண்டும். விடுதலைப் போராட்ட காலத்தில் இது பெரிய மனக்குறை. 1931-ல் கராச்சி காங்கிரஸ் வெளியிட்ட அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இருந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பில் அது இடம்பெறவில்லை.

சுதந்திர இந்தியா 1959-ல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. அதன் 13-ஆம் பிரிவு நமக்கு முக்கியம். தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ என்றால் 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் உள்ள துப்பாக்கி. பயிர்ப் பாதுகாப்புக்கு என்றால் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி. அதாவது விவசாயிக்குச் சட்டம் கைகாட்டிய துப்பாக்கி நம் நாட்டுத் துப்பாக்கிதான். ராணுவத்தின் பாயிண்ட் 303 ரகம் சாதாரண மக்களுக்குத் தடை. வசதியானவர்கள் அரசுத் தொழிற்சாலையின் பாயிண்ட் 315 ரைஃபிளோ, 12 போர் இரட்டைக்குழலோ வாங்கினார்கள். ஆக, துப்பாக்கியைப் பார்த்தே ஆளின் நிலைமையைச் சொல்லிவிடலாம்.

நாட்டுத் துப்பாக்கி எப்படி வேலை செய்யும் என்பது இளையவர்களுக்குத் தெரியாது. வெடியுப்பு ஏறத்தாழ முக்கால் பங்கு, மீதி கரியும் கந்தகமும் சேர்ந்தது கரிமருந்து. அதைக் குழல் வாயில் கொட்டி, மேலே துணியோ நாரோ வைத்து, நீளக் கம்பியால் இடிக்க வேண்டும். பிறகு ரவை, மறுபடி ஒரு அடைப்பு. பின்பக்கம் சிறிய கேப்பை மாட்டி, குதிரையை இழுத்து, விசையைத் தட்டினால் வெடிக்கும். ஒரு தடவை சுட்டால் மறுபடி கெட்டிப்பதற்குள் பறவையோ அணிலோ பக்கத்துத் தோப்புக்கே போய்விடும். மழையில் மருந்து நனைந்தால் அதுவும் இல்லை. கெட்டிப்பது அதிகமானால் குழலே வெடித்துக் கையைப் பறித்துவிடும்.

நம் கிராமங்களில் விவசாயிகள் அணிலைச் சுடுவது அபூர்வம். ராமர் தடவிய மூன்று கோடு என்ற நம்பிக்கை அதற்குக் காவலாக இருந்தது. அணில், கௌதாரி, காடை என்று சின்ன உயிர்களை உணவுக்காக வேட்டையாடி வாழ்ந்தவர்கள் நரிக்குறவர்கள். வீட்டில் வாக்ரிபோலி, வெளியில் நம்மோடு தமிழ் என்று பேசும் மக்கள். ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கியும் கண்ணியும்தான் அவர்களின் தொழில் கருவிகள். பயிரை அழிக்கும் பறவைகளையும் நரிகளையும் விரட்ட நம்மவர்களே அவர்களைக் கூப்பிட்டதும் உண்டு.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. காட்டுக்கு அது அவசியமான சட்டம். அதனால் பிழைப்பை இழந்தவர்கள் இந்த மக்கள். துப்பாக்கி போய், பாசிமணியும் ஊசியும் கைக்கு வந்தன. ஆனாலும் பழங்குடியினர் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் ஒப்புதல் பெற்றது. வேட்டையை நிறுத்தியபின் மாற்று வாழ்வுக்கு வழி கிடைக்க 50 வருடம்! சட்டம் சரியாக இருந்தால் மட்டும் போதாது, அதனால் யாருக்குச் சோறு போகிறது என்றும் பார்க்க வேண்டும். இதை வரலாறு படிக்கிறவர்கள் மறக்கக்கூடாது.

அடுத்து வீரப்பன் காலம். நம் வடமேற்கு மலைகளில் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே ஊர் கதவடைத்த வருடங்கள். 2004 அக்டோபர் 18-ல் பாப்பாரப்பட்டி அருகே அது முடிந்தது. அதற்குப் பிறகு சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி மலைக்கிராமங்களில் உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி அதிகாரிகள் பேசிப் பேசி வாங்கினார்கள். அதே காடு இன்று காவிரி வடக்கு, காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயங்களாக இருக்கிறது. காவிரிக்கரையின் உயர்ந்த மரங்களில் சாம்பல் நிற மலை அணில் வாழ்கிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத உயிர். அதைக் கொன்றால் சிறை.

இப்போது ஏர் கன்னுக்கு வருகிறேன். 4.5 மில்லிமீட்டருக்கு மிகாத குழலும், 20 ஜூலுக்கு மிகாத வேகச் சக்தியும் உள்ளதற்கு லைசென்ஸ் வேண்டாம். இதை வைத்துத்தான் பலர் ஏமாறுகிறார்கள். வாங்க அனுமதி என்பது சுட அனுமதி அல்ல. பாதுகாக்கப்பட்ட உயிரைத் துப்பாக்கியால் கொன்றாலும் கண்ணியால் கொன்றாலும் விஷத்தால் கொன்றாலும் சட்டத்துக்கு எல்லாம் வேட்டைதான். அருணாசலப் பிரதேசத்தில் ஏர் கன்னால் காட்டில் பறவைச் சத்தமே குறைந்துபோய், 2021-ல் அரசே ஒப்படைப்பு இயக்கம் தொடங்கியது. 2,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளை மக்கள் தாங்களாகவே கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஆகவே தம்பி, வாங்க வேண்டாம். முதலில் விழுந்த குரும்பைகளைப் பொறுக்கிப் பார். காம்புப் பக்கம் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் எலியின் வேலை. மட்டைகள் ஒன்றோடொன்று தொடாமல் கழித்துவிட்டு, ஆள் உயரத்துக்கு மேலே மரத்தைச் சுற்றி வழவழப்பான தகரம் அடி. ஒரு தோட்டாவும் இல்லாமல் பாதித் தொல்லை தீரும்.

கடைசியாக எல்லோருக்கும் ஒன்று. தாத்தா காலத்துத் துப்பாக்கி யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், 'நினைவுப் பொருள்தானே' என்று விட்டுவிடாதீர்கள். லைசென்ஸ்தாரர் இறந்துவிட்டாலும், லைசென்ஸ் காலாவதியானாலும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 5 வருடம் சிறை. துப்பாக்கியைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த வருடம், எந்தக் காட்டுக்கு, எந்தப் பயிருக்காகக் கொடுத்தார்கள் என்று அதில் இருக்கலாம். நம் ஊர் வரலாறு அந்த மாதிரிக் காகிதங்களில்தான் கிடக்கிறது. யாரிடமாவது இருந்தால் பெயர், எண்ணை மறைத்துவிட்டுக் கீழே பதிவிடுங்கள். எல்லோரும் படிப்போம்.

வாழ்க வளமுடன்.