பொலிகிடாவின் இரட்டை வேலை: அருப்புக்கோட்டை – திருச்சுழி வறள்நிலத்தில் கறியாட்டு இனக்கலப்பு

கறிக்கென்றே மாட்டு மந்தை வளர்ப்பது தமிழ்நாட்டில் தனித் தொழிலாக உருவாகவில்லை. 1958ஆம் ஆண்டின் விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், பொதுவாகப் பத்து வயதைக் கடந்து உழைப்புக்கும் இனவிருத்திக்கும் உதவாமல் போன மாட்டையே அறுப்புக்கு அனுமதிக்கிறது. உழவும் பாலும் முடிந்த பிறகு மிஞ்சுவதே இங்கு மாட்டுக்கறி. ஆகவே, எந்த இனத்தோடு எதைச் சேர்த்தால் கறி கூடும், லாபம் நிற்கும் என்ற கேள்வி அருப்புக்கோட்டையை அடுத்த பாலவனத்தத்தைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் செம்மறி ஆட்டைக் குறித்துத்தான் எழுகிறது. அந்தக் கேள்விக்கு அரை நூற்றாண்டாகச் சொல்லப்பட்டுவரும் விடை ஒன்று உண்டு: சீமைக் கிடாக்களின் ரத்தம் நம் வெயிலைத் தாங்காது, அதனால் கலப்பு தோற்றது. இவ்விடையில் உண்மை இருக்கிறது. ஆனால் பாதி உண்மை. கலப்பு வேர்பிடிக்காததற்கு வெயிலைவிட அடிப்படையான காரணம் மந்தையின் அமைப்பில் இருக்கிறது. சந்தைக்குப் போகும் குட்டிக்கும், நாளைக்கு மந்தையில் தாயாக நிற்கப்போகும் பெட்டைக்கும் இங்கே இனவிருத்திக்கு விடும் ஒரே பொலிகிடாதான் தகப்பன். இந்த இரட்டை வேலையைப் பிரிக்காதவரை உள்நாட்டு இனங்களுக்குள் செய்யும் கலப்பும் அதே கதிக்குத்தான் ஆளாகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சான்றுகளைப் படிக்குமுன் ஓர் எச்சரிக்கை. விருதுநகர் மாவட்டம் 1985இல்தான் பிறந்தது. அதற்கு முந்தைய நூல்களும் அறிக்கைகளும் ராமநாதபுரம் என்று சொல்லும்போது அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதற்குள் அடக்கம். ‘ராமநாதபுரம் வெள்ளை’ என்று பதிவான செம்மறியைக் கடலோரத்து ஆடு என்று எண்ணிக்கொள்வோர் இதனை மறந்துவிடுகிறார்கள். இந்த வட்டாரத்தைத் தொட்டு மூன்று செம்மறி இனங்கள் பதிவாகியிருக்கின்றன. பந்தல்குடி தாண்டி எட்டயபுரம் போகும் சாலையில் உள்ள வேம்பூரின் பெயரால் அறியப்படும் வேம்பூர் ஆடு உயரமானது. வெள்ளை உடம்பில் செந்நிறத் திட்டுகள், தொங்கும் காது. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. வளர்ந்த கிடா சுமார் 35 கிலோ, பெட்டை சுமார் 28 கிலோ நிற்கும். ராமநாதபுரம் வெள்ளை அதைவிடச் சிறிய உடல்வாகு கொண்டது. கருஞ்செம்மை நிறமான கீழக்கரிசல் மூன்றாவது. மூன்றுமே கம்பளி தராத, மயிர் மூடிய ஆடுகள். ஊசிப்புல் ஒட்டுகிற காட்டில் அடர்ந்த கம்பளி ஆட்டுக்குச் சுமைதான்.

இந்த உடல்வாகுகள் தற்செயலாக வந்தவை அல்ல. கீழக்கரிசல் ஆட்டின் வாழிடமாக ராமநாதபுரம், மதுரை மாவட்டங்களோடு தஞ்சாவூரும் நூல்களில் குறிக்கப்படுகிறது. வறள்காட்டு ஆடு நெல் விளையும் நாட்டில் எப்படிப் பதிவாகும்? மந்தை மேய்ப்பர்களான கீதாரிகள் அறுவடைக்குப் பின் ஆடுகளை ஓட்டிக்கொண்டு சோழநாட்டு வயல்களில் கிடை போட்ட வழித்தடத்தை நினைத்தால் புதிர் அவிழ்கிறது. அந்தப் பொருளாதாரத்தில் இரவில் வயலில் விழும் புழுக்கையும் மூத்திரமும் வருமானத்தின் பெரும் பங்கு. கிடைக்கூலி நெல்லாகவோ பணமாகவோ வந்தது. குட்டி விற்பனை அதற்குத் துணை வருமானம். புழுக்கைக்கு வேண்டியது தலை எண்ணிக்கை. ஒரே மேய்ச்சலில் கனத்த ஆடு நூறைவிடச் சிறிய ஆடு நூற்றைம்பதைப் பிழைக்க வைப்பது எளிது. கோடையில் சாவும் குறைவு. ஆகவே நெடுந்தூரம் நடக்கும் கால், காய்ந்த தட்டையிலும் கருவேல நெற்றிலும் வயிறு நிரப்பும் பழக்கம், பட்டியில் நெருங்கிப் படுக்கும் குணம் ஆகியவை தாயின் தகுதிகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டன. கிடாவைத் தேர்ந்தெடுத்ததும் பெரும்பாலும் அதன் தாயைப் பார்த்துத்தான் இருந்திருக்க வேண்டும். இரட்டை வேலை அக்காலத்தில் இடைஞ்சலாக இல்லாததற்கும் இதுவே காரணம். மந்தைக்கு வேண்டியதும் விற்பனைக்கு வேண்டியதும் ஒரே மாதிரி ஆடுதான்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்த ஒற்றுமை குலைந்தது. ரசாயன உரம் வந்து புழுக்கையின் மதிப்பைக் குறைத்தது. சீமைக்கருவேல் மேய்ச்சல் புறம்போக்குகளை அடைத்தது. நகரங்களின் கறித்தேவை குட்டியின் விலையை ஏற்றியது. வருமானத்தின் எடை கிடையிலிருந்து குட்டிக்கு நகர்ந்தது. அரசின் இனவிருத்திக் கொள்கையும் அதே காலத்தில்தான் கறிப்பக்கம் திரும்பியது. அதுவரை கலப்பு என்றால் கம்பளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்கள் கலந்து உருவானதாகக் கருதப்படும் நீலகிரி ஆடு மலைக்குளிரில் நிலைத்தது. பின்னர் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் அதனோடு மெரினோ, ராம்புல்லே ரத்தம் சேர்த்துச் ‘சாண்டினோ’ என்ற கலப்பினம் உண்டாக்கப்பட்டது. சமவெளிக்கு இதனால் பயனில்லை. 1971இல் தொடங்கிய அகில இந்திய ஒருங்கிணைந்த செம்மறி இனவிருத்தித் திட்டத்தில்தான் கறிக்கான கலப்பு முறையாகச் சோதிக்கப்பட்டது. ஆந்திரத்தின் பலமநேரில் நெல்லூர், மண்டியா பெட்டைகளோடும், ராஜஸ்தானின் அவிகாநகரில் மால்புரா, சோனாடி பெட்டைகளோடும் டார்செட், சஃபோக் கிடாக்கள் சேர்க்கப்பட்டன. சஃபோக் கிடா 100 கிலோவுக்கு மேல் வளரக்கூடியது. நம் பெட்டையைப் போல மூன்று, நான்கு மடங்கு. பண்ணையில் அடர்தீவனம் கொடுத்து வளர்த்தபோது கலப்புக் குட்டிகளின் வளர்ச்சி மேலோங்கித் தெரிந்தது. ஆயினும் அவை பண்ணை வேலியைத் தாண்டிக் கிடைகளுக்குள் பரவவில்லை. 1990இல் தொடங்கிய செம்மறி மேம்பாட்டு வலையமைப்புத் திட்டம் உள்நாட்டு இனங்களுக்குள்ளேயே தேர்வு செய்து முன்னேற்றும் வழிக்கு வந்தது. நெல்லூர் ஆடும் மெட்ராஸ் ரெட் ஆடும் அந்தத் திட்டத்தில் இடம்பெற்றவை.

தோல்வியின் காரணத்தைத் தட்பவெப்பத்தில் தேடுவது எளிது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 100 பெட்டை உள்ள மந்தையில் ஆண்டுக்கு 80 குட்டிகள் விற்கும் வயதுவரை தங்குகின்றன என்று கொள்வோம். அதில் 40 பெட்டைக்குட்டி. ஒரு தாய் ஐந்து ஈற்றுக்கு நின்றால், ஆண்டுக்கு 20 கிழப்பெட்டைகளைக் கழித்து 20 இளம்பெட்டைகளைச் சேர்க்க வேண்டும். மந்தைக்குள் சீமைக் கிடா மட்டுமே இருந்தால் அந்த 20ம் கலப்புக் குட்டிகளே. ஐந்தே ஆண்டில் நூறு தாய்களும் குறைந்தது அரைரத்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். முதல் தலைமுறைக் கலப்புக்கு வரும் துடிப்பு, வேறுபட்ட இரு பெற்றோரின் சேர்க்கையால் வருவது. அரைரத்தப் பெட்டையை அரைரத்தக் கிடாவுக்கு விட்டால் அத்துடிப்பில் பாதி அடுத்த தலைமுறையில் போய்விடும். சீமைக் கிடாவையே தொடர்ந்து விட்டால் முக்கால் ரத்தம் ஏறி, நடக்க மாட்டாத, தீவனம் கேட்கும் தாய்கள் மிஞ்சும். இரண்டில் எதுவானாலும் கீதாரி இழப்பது குட்டியை மட்டுமல்ல, தலைமுறைகளாகத் தேர்ந்த தாய்க்குலத்தையும்தான். குட்டியின் எடையை அளந்த ஆய்வுகள் இந்த இழப்பை அளப்பதற்கு ஏற்ற கருவிகள் அல்ல.

கலப்பு வணிகரீதியாக வென்ற நாடுகளைப் பார்த்தால் இது தெளிவாகும். பிரிட்டனில் மலையேறும் பிளாக்ஃபேஸ், ஸ்வேல்டேல் பெட்டைகள் மலையிலேயே தூய இனமாகப் பெருகுகின்றன. அங்கே கழிபடும் வயதான பெட்டைகள் கீழிறங்கி லெஸ்டர் வகைக் கிடாவைச் சேர்கின்றன. அவற்றின் பெட்டைகள் மேலும் கீழே சமவெளியில் சஃபோக், டெக்சல் கிடாக்களோடு சேர்ந்து ஈனும் குட்டிகள் பெரும்பாலும் கறிக்கடைக்கு. ஒவ்வொரு படிக்கும் தனித் தகப்பன். பிரேசில் மாட்டுப் பண்ணைகள் இன்னும் நெருக்கமான உதாரணம். அந்நாட்டுக் கறிமாட்டு மந்தையின் அடித்தளமான நெல்லோர் நம் ஓங்கோல் மாடுதான். அன்றைய சென்னை மாகாணத்திலிருந்தும் பின்னாளில் ஆந்திரத்திலிருந்தும் போனது. கடைசிப் பெரிய இறக்குமதி 1960களின் தொடக்கத்தில் நடந்தது. அங்கே ஆங்கஸ் காளையின் விந்தை நெல்லோர் பசுவுக்கு இட்டுப் பெறும் முதல் தலைமுறைக் கன்றுகளில் பெரும்பகுதி அறுப்புக்கே போகிறது. அவற்றை ஈனும் பசுக்களைத் தூய நெல்லோர் மந்தைகள் தொடர்ந்து தருகின்றன. நம்மிடமிருந்து தாயைக் கொண்டுபோனவர்கள் தாயைக் காப்பதில் நம்மைவிடக் கவனமாக இருந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்றுண்டு. தென்னாப்பிரிக்காவின் டார்ப்பர், டார்செட் ஹார்ன் கிடாவையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து 1930களிலும் 40களிலும் உருவாக்கப்பட்ட இனம்; வறண்ட நிலத்திலேயே தழைத்து, கலப்பே ஓர் இனமாக நிலைக்கலாம் என்று காட்டியது. உண்மைதான். ஆனால் அதன் பின்னால் அரசு ஆராய்ச்சிப் பண்ணையும், 1950இல் அமைந்த வளர்ப்போர் சங்கமும், கிடா உற்பத்தியை மட்டுமே தொழிலாகக் கொண்ட மந்தைகளும் இருந்தன. பொலிகிடாவை ஈனுவதற்கென்று ஓர் அடுக்கு தனியே பிரிந்திருந்ததால்தான் டார்ப்பர் நிலைத்தது. என் வாதத்தை அது மறுக்கவில்லை, உறுதிசெய்கிறது. வேறொரு மறுப்பு உள்ளூரிலிருந்து வருகிறது: சீமை ரத்தம் வேண்டாம், வேம்பூர்க் கிடாவை ராமநாதபுரம் வெள்ளைப் பெட்டைக்கு விட்டால் போதாதா? எடை கூடும், வெயிலும் தாங்கும். குட்டிக்கு இது நல்ல கலப்பே. எட்டயபுரம் சந்தையில் கையால் தூக்கிப் பார்க்கும் வியாபாரி இனம் கேட்பதில்லை, எடையைத்தான் கணிக்கிறார். இடர் எங்கே வருகிறதென்றால், அந்தக் குட்டிகளில் அழகான பெட்டைகளை மந்தையில் நிறுத்திக்கொள்வதில். கனத்த இனத்தின் கிடா ஒரு திசையில் மட்டுமே பாய்ந்தால் சிறிய, நடக்கத் தெரிந்த இனமே முதலில் கரையும். தூய்மை பேசுவது நகரத்தாரின் ஆடம்பரம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நாளைக்குக் கலப்புச் செய்யவே இரு தனி இனங்கள் வேண்டும்.

அரசுத் திட்டங்கள் இந்தப் பிரிவைக் கணக்கில் கொள்வதில்லை. 2017இல் தெலங்கானா கொடுத்த ஆட்டு அலகு 20 பெட்டைக்கு ஒரு கிடா. தேசியக் கால்நடை இயக்கத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழில்முனைவோர் திட்டத்தில் 500 பெட்டைக்கு 25 கிடா, விகிதம் அதேதான். அந்த 25ம் ஒரே வேலைக்கா, இரு வேலைக்கா என்ற கேள்விக்கு விகிதத்தில் விடை இல்லை. 2012க்கும் 2019க்கும் இடையில் தமிழ்நாட்டுச் செம்மறி சுமார் 48 லட்சத்திலிருந்து 45 லட்சமாகக் குறைந்து, வெள்ளாடு 81 லட்சத்திலிருந்து 99 லட்சமாக ஏறியிருக்கும் நிலையில், இருக்கும் செம்மறித் தாய்களைச் செலவழிக்க நமக்கு வசதியில்லை.

மேலே போட்ட கணக்கையே திருப்பிப் போட்டால் ஒரு வழி தெரிகிறது. நூறில் இளைய 60 பெட்டைகளைச் சொந்த இனக் கிடாவுக்கும், ஓரிரு ஈற்றில் கழியப்போகும் மூத்த 40ஐக் கனத்த கிடாவுக்கும் விடலாம். அறுபதின் 48 குட்டிகளில் 24 பெட்டை, தேவை 20. நாற்பதின் 32 குட்டிகளும், ஆணோ பெண்ணோ, விற்பனைக்கு. மழை பொய்த்த ஆண்டில் 60க்கு 36 குட்டிதான் தங்கும் என்றால் பெட்டை 18ஆகிவிடும். அந்த ஆண்டு கலப்புக்கு ஒதுக்கிய பங்கைச் சுருக்கியாக வேண்டும். எனவே கலப்பின் அளவை மழைதான் தீர்மானிக்கும், ஏட்டில் எழுதிய விழுக்காடு தீர்மானிக்காது. தனி ஆளின் சிறு மந்தையில் இது நடவாது என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் பலருடைய ஆடுகள் சேர்ந்தே ஒரு கிடையாகும் வழக்கம் இங்கே பழையது. பிரிக்கும் வேலையைக் கிடை அளவில் செய்யலாம். கிடா விடும் அந்தச் சில வாரங்களுக்கு இரண்டு மந்தை, இரண்டு மேய்ப்பர் வேண்டும். தேசியக் கால்நடை இயக்கத்தின் மானியம் கொட்டகைக்கும் ஆட்டுக்குமான மூலதனத்தில் பாதியைத் தருகிறது. இரண்டாவது மேய்ப்பரின் கூலி அந்த வகைக்குள் வராது. அதைக் கிடைக்காரர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.