தில்லியில் நெஞ்சக அறுவை சிகிச்சை: காசநோயும் புற்றுநோயும்

தில்லியில் நெஞ்சக அறுவை சிகிச்சையின் வரலாறு காசநோயோடு பின்னிப் பிணைந்தது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழா ஆண்டான 1935இல் கிங்ஸ்வே கேம்ப் பகுதியில் வெள்ளி விழா காசநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது. அதுவே பின்னாளில் ராஜன் பாபு மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து அப்போது உலகில் எங்கும் இல்லை. ஓய்வும் சத்துணவும் பலிக்காத இடத்தில், நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைப்பதே அக்கால மருத்துவம். ஊசி வழியே நெஞ்சறைக்குள் காற்றைச் செலுத்துவது எளிய முறை. அதுவும் போதாவிட்டால் விலா எலும்புகள் சிலவற்றை அகற்றி நெஞ்சுச் சுவரை உள்ளே அமிழச் செய்வார்கள். நுரையீரலில் விழுந்த குழி அழுந்தி மூடிக்கொள்ளும். நெஞ்சு ஒருபுறம் ஒடுங்கியே போய்விடும்.

விடுதலைக்குப் பின் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் 1949இல் வல்லபாய் படேல் நெஞ்சக நிறுவனம் உருவானது. அதன் முதல் இயக்குநர் ஆர். விசுவநாதன். மெஹ்ரோலியில் 1952இல் லாலா ராம் சரூப் காசநோய் மருத்துவமனை வந்தது. இதற்குள் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோனியசிடும் புழக்கத்துக்கு வந்திருந்தன. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் காசநோய் குணமாகும் என்பதைச் சென்னையில் நடந்த ஆய்வு 1959இல் உறுதிசெய்தது. விலா எலும்பை எடுக்கும் தேவை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் காசநோய் விட்டுச்சென்ற வடுக்கள் அறுவை அரங்குக்கு வந்துகொண்டே இருந்தன. நுரையீரலைச் சுற்றிச் சீழ் கோத்து நாளானால், தடித்த தோல்போல ஓர் உறை அதன்மேல் படிந்துவிடும். அதை உரித்தெடுத்தால்தான் நுரையீரல் மீண்டும் விரியும். ஆறிய குழிக்குள் பூஞ்சை வளர்ந்து பந்தாகத் திரள்வதும் உண்டு. நோயாளி புரண்டு படுத்தால் எக்ஸ்ரேயில் அந்தப் பந்தும் இடம் மாறித் தெரியும். இருமலில் ரத்தம் கொட்டும் நிலையில் அந்த நுரையீரல் மடலையே அகற்ற வேண்டியிருக்கும். மூச்சுக்குழாய் விரிவு நோயும், நாய்களிடமிருந்து பரவும் நாடாப்புழுவின் நீர்க்கட்டிகளும் புற்றல்லாத நோய்களின் வரிசையில் சேர்பவை.

நுரையீரல் புற்றுநோய்க்காக ஒரு பக்க நுரையீரலை முழுதாக அகற்றும் அறுவையை அமெரிக்காவில் எவார்ட்ஸ் கிரஹாம் 1933இல் வெற்றிகரமாகச் செய்தார். புகைப்பழக்கத்துக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. இந்தியாவில் இந்நோயை உரிய நேரத்தில் கண்டறிவதற்கு ஒரு தடை உண்டு. இருமல், எடை குறைவு, சளியில் ரத்தம் ஆகியவை காசநோய்க்கும் நுரையீரல் புற்றுக்கும் பொது. எக்ஸ்ரேயில் தெரியும் நிழலைக் காசநோய் என்று கருதி மாதக்கணக்கில் மருந்து கொடுத்தபின் புற்று எனத் தெரியவரும்போது, பலருக்கு அறுவைக் கட்டம் கடந்துவிட்டிருக்கும். ஆகவே புற்றுநோயாளிகளில் சிறு பகுதியினரே அறுவைக்கு உகந்தவர்கள்.

நெஞ்சைப் பிளக்காமல் சிறு துளைகள் வழியே கேமராவைச் செலுத்தி அறுவை செய்யும் முறை 1990களில் உலகெங்கும் பரவியது. ஆயினும் இரு நோய்களையும் பிரித்தறியும் சிக்கல் தீரவில்லை; நுண்ணிய ஸ்கேன்களிலும் காசநோய்க் கட்டி புற்றுபோலவே ஒளிர்வதுண்டு. எது எந்த நோய் என்பதை இன்றும் உறுதியாகச் சொல்வது திசுப் பரிசோதனையே.