மரநிழலும் ஆடுகளமும்

கோடையில் நம் சிவகங்கைச் சீமையின் கண்மாய்கள் வற்றியதும் அவற்றின் தரை விளையாட்டுத் திடலாகிவிடுகிறது. மூன்று குச்சிகளை நட்டு, ஒரு மட்டையும் பந்தும் கொண்டு, பொழுது சாயும்வரை இளைஞர்கள் கிரிக்கெட் ஆடுகின்றனர். இல்லங்களில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் பிள்ளைகள் ஆரவாரிக்கின்றனர். அருகில் அமர்ந்திருக்கும் பெரியவர்களுள் பலருக்கு அவ்வாட்டம் இன்றும் விளங்காப் புதிராகவே உள்ளது. அவர்களுக்கு அதனை அறிமுகம் செய்வதும், அது நம் மண்ணில் வேரூன்றிய வரலாற்றை எண்ணிப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கம்.

அணிக்குப் பதினொருவராக இரண்டு அணிகள். திடலின் நடுவே 22 கஜ நீளமுள்ள ஆடுகளம். அதன் இரு முனைகளிலும் மும்மூன்று குச்சிகள். இவற்றையே விக்கெட் என்கிறோம். ஓர் அணி பந்து வீசும். மற்ற அணியிலிருந்து இருவர் இரு முனைகளில் நின்று மட்டை பிடிப்பர். பந்தை அடித்துவிட்டு இருவரும் முனை மாறி ஓடினால் ஓர் ஓட்டம். பந்து தரையில் உருண்டு எல்லைக் கோட்டைத் தொட்டால் நான்கு. தரையில் படாமல் எல்லையைக் கடந்தால் ஆறு. ஒருவர் ஒரு முனையிலிருந்து ஆறு பந்துகளை வீசினால் அது ஓர் ஓவர்; அடுத்த ஓவர் மறுமுனையிலிருந்து வேறொருவரால் வீசப்படும்.

பந்து குச்சிகளைச் சாய்த்தாலும், அடித்த பந்து தரையில் படுமுன் பிடிக்கப்பட்டாலும், குச்சியை நோக்கி வரும் பந்தைக் காலால் மறித்தாலும், ஓடி முடிக்குமுன் குச்சிகள் வீழ்த்தப்பட்டாலும் ஆட்டக்காரர் வெளியேற வேண்டும். பதின்மர் வெளியேறினால் துணை நிற்க ஆளின்றி அணியின் ஆட்டம் முடிவுறும். அதிக ஓட்டம் எடுத்த அணி வெல்லும். டெஸ்ட் பந்தயம் ஐந்து நாள் வரை, அணிக்கு இருமுறை ஆட்டமாக நடைபெறும். ஒரு நாள் பந்தயத்தில் அணிக்கு 50 ஓவர். இருபது ஓவர் பந்தயம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும்.

இவ்விதிகளில் நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. மட்டை பிடிப்பவர் அரசரா, ஏழையா என்று குச்சிகள் கேட்பதில்லை. நடுவர் விரலை உயர்த்தினால் எவரும் வெளியேற வேண்டியதே. ஆயினும் எல்லைக் கோட்டுக்குள் நிலவிய இச்சமத்துவம் கோட்டுக்கு வெளியே எளிதில் கிட்டவில்லை என்பதையே வரலாறு காட்டுகிறது.

1721இல் ஆங்கில மாலுமிகள் குஜராத்தின் காம்பே அருகே ஆடியதே இந்திய மண்ணில் கிரிக்கெட் பற்றிய முதற்குறிப்பு. சென்னையில் 1846இல் ஐரோப்பியர் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பை நிறுவினர். சேப்பாக்கம் திடல் அவர்கள் வசமாயிற்று. அங்கே ஆட வந்த இந்தியர், உணவு வேளையில் ஐரோப்பியரோடு ஒரே கூரையின் கீழ் அமர இயலாது மரநிழலில் உண்ண நேர்ந்தது என்று சென்னைக் கிரிக்கெட் வரலாறு கூறுகிறது. அந்த அவமதிப்புக்குப் புச்சிபாபு நாயுடு சினத்தால் விடையளிக்கவில்லை. 1888இல் இந்தியருக்கென மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தோற்றுவித்தார். இளைஞரைத் திரட்டிப் பயிற்றுவித்தார். 1908இல் அவர் மறைந்தார். 1915 முதல் 1952 வரை பொங்கலையொட்டி நடைபெற்ற இந்தியர் – ஐரோப்பியர் பந்தயம் அவர் கண்ட கனவின் பயனே. சிராவயலில் மஞ்சுவிரட்டு நிகழும் அதே தைத் திங்களில் சென்னை மக்கள் சேப்பாக்கத்தில் கூடினர்.

1934 பிப்ரவரியில் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் பந்தயம் நடைபெற்றது, இங்கிலாந்து வென்றது. அதே ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் அங்கேயே நடந்தது. ஏ.ஜி. ராம்சிங் பதினொரு விக்கெட்டுகளை வீழ்த்த, மைசூரைச் சென்னை ஒரே நாளில் வென்றது. அவ்வாட்டத்தின் முதற்பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன். செங்கற்பட்டுப் பகுதிச் சிற்றூரில் பிறந்த அவருடைய திறனை இனங்கண்டு, வேலைக்கும் வழி செய்தவர் சி.பி. ஜான்ஸ்டன் என்னும் ஆங்கிலேயர். சுவர் எழுப்பியவர்களுள் கதவு திறந்தவரும் இருந்தனர் என்பதையும் நாம் மறத்தலாகாது.

1952 பிப்ரவரி 10ஆம் நாள், விஜய் ஹசாரே தலைமையில் இந்தியா இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் வேறுபாட்டில் வென்றது. வினு மன்கட் பன்னிரண்டு விக்கெட்டுகளை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் பாலி உம்ரிகரும் சதமடித்தனர். 1932இல் தொடங்கிய இந்தியாவின் டெஸ்ட் பயணத்தில் முதல் வெற்றி அதுவே. இந்தியர் மரநிழலில் உண்ட அதே திடலில் அது கிட்டியது.

அத்திடலுக்கும் நம் செட்டிநாட்டுக்கும் உறவுண்டு. கானாடுகாத்தான் அரசர் குடும்பத்து எம்.ஏ. சிதம்பரம் 1960 முதல் 1963 வரை இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தலைவராக விளங்கியவர். 2000இல் மறைந்த அவருடைய பெயரையே சேப்பாக்கம் அரங்கம் இன்று தாங்கி நிற்கிறது. இந்தியரைக் கூரையின் கீழ் ஏற்காத திடல், காரைக்குடிக்கு அணித்தே உள்ள ஊரைச் சேர்ந்த தமிழர் ஒருவரின் பெயரால் அழைக்கப்படுகிறது.

ஆயினும் வெற்றியினும் பெரியதொரு நிகழ்வை அவ்வரங்கம் கண்டது. 1999 ஜனவரி 31 அன்று, சச்சின் டெண்டுல்கர் முதுகுவலியோடு போராடி 136 ஓட்டங்கள் எடுத்தும், பாகிஸ்தானிடம் இந்தியா 12 ஓட்டங்களில் தோற்றது. ஒருகணம் அரங்கம் உறைந்தது. பின்னர் மக்கள் எழுந்து நின்று, திடலை வலம் வந்த பாகிஸ்தான் வீரர்களைக் கைதட்டிப் பாராட்டினர். சில திங்களில் கார்கில் போர் மூண்டது. எனினும் அக்கரவொலியை வரலாறு அழித்துவிடவில்லை. தோற்றவர் வென்றவரை வாழ்த்தும் பண்பு விதிப்புத்தகத்தில் எழுதப்பட்டதன்று. அது மக்கள் உள்ளத்திலிருந்து எழுந்தது.

இன்று இவ்விளையாட்டு நகரத்தாரின் தனியுடைமையன்று. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் எளிய குடும்பத்தில் பிறந்த த. நடராஜன் 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடினார். நம் கண்மாய்த் திடல்களிலும் திறனுக்குக் குறைவில்லை.

ஆனால் நாம் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு. மாலையில் ஒரே பந்தைத் தொட்டு ஆடும் நம் இளைஞர்கள், ஆட்டம் முடிந்தபின் ஒரே வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரே குவளையில் நீர் அருந்துகின்றனரா? தெரு பிரித்து, குடி பிரித்து, சிலரை இன்னும் மரநிழலிலேயே நிறுத்துகிறோமா? அந்நியர் நமக்கு இழைத்ததை அநீதி என்று அறிந்த நாம், அதையே நம்மவருக்கு இழைத்தல் தகுமோ? பிள்ளைகளுக்கு மட்டையும் பந்தும் வாங்கித் தருவது எளிது. அவர்கள் விளையாட்டுத் தோழரை நம் வீட்டு உணவுக்கு அழைப்பதே நாம் ஆட வேண்டிய ஆட்டம்.