ஆழத்தில் இருப்பது பழமையா?

தொலைந்துபோன ஆதி உலகத்தைத் தேடுகிறவர்கள் ஏன் திரும்பத் திரும்ப ஆழ்கடலுக்கே போகிறார்கள்? நிலத்தில் குழி வெட்டியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். மேலே இருப்பது புதுசு, கீழே போகப் போகப் பழசு. தொல்லியல் பெரும்பாலும் இந்த எளிய விதியின் மேல்தான் நிற்கிறது. யாரும் சொல்லாமலேயே இந்த விதியை நாம் கடலுக்கும் நீட்டிவிட்டோம். ஆழம் என்றால் பழமை. அட்லாண்டிஸ் என்கிற தொன்மம் அறிவியல் வேடம் கட்டி ஆடியதும் இந்த நினைப்பின் பலத்தில்தான்.

பிளேட்டோ கி.மு. 360 வாக்கில் எழுதிய டிமேயஸ், கிரிட்டியாஸ் உரையாடல்களுக்கு முந்திய அட்லாண்டிஸ் பிரதி எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் கதையில் அது பிறரை அடிமைப்படுத்தக் கிளம்பிய ஒரு கடல் பேரரசு. ஏதென்ஸிடம் தோற்கிறது, பிறகு ஒரே பகல், ஒரே இரவில் மூழ்கிப்போகிறது. ஏதென்ஸும் லேசுப்பட்டதல்ல. கப்பற்படைத் திமிரில் ஆடி, கி.மு. 404இல் ஸ்பார்ட்டாவிடம் சரணடைந்த ஊர்தான் அது. சொந்த ஊர்க்காரர்களுக்கு மூஞ்சிக்கு நேரே சொல்ல முடியாததைப் பிளேட்டோ ஒரு தீவின் தலையில் ஏற்றிச் சொன்னார் என்று வாசிக்க இடமிருக்கிறது. ஆக, அதிகாரத்தைப் பற்றிய பிரதி அது. பூகோளப் பாடம் அல்ல.

அதைப் பூகோளமாக்கியது 19ஆம் நூற்றாண்டு. அட்லாண்டிக்கின் குறுக்கே தந்திக் கேபிள் போட வேண்டியிருந்தது. 1858இல் போட்டது சில வாரங்களில் செத்துப்போனது, 1866இல்தான் நிலைத்தது. கேபிள் போடத் தரை தெரிய வேண்டுமே. கயிற்றில் குண்டு கட்டி இறக்கி ஆழம் பார்த்தார்கள். 1872 முதல் 1876 வரை உலகக் கடல்களைச் சுற்றிய பிரிட்டிஷ் கப்பல் சேலஞ்சரும் இப்படித்தான் அளந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் வடக்கு தெற்காக ஒரு நீண்ட மேடு ஓடுவது புலப்பட்டது. அவ்வளவுதான் தரவு. அத்தனை பெரிய கடலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில புள்ளிகள். புள்ளிகளுக்கு நடுவில் ஒரே இருட்டு. அந்த இருட்டில் யார் வேண்டுமானாலும் குடியேறலாம்.

1882இல் இக்னேஷியஸ் டானலி குடியேறினார். அமெரிக்க நாடாளுமன்றத்தில் மின்னசோட்டா மாநில உறுப்பினராக இருந்தவர். சேலஞ்சர் கண்ட மேடுதான் மூழ்கிய அட்லாண்டிஸின் முதுகெலும்பு என்று அவருடைய புத்தகம் அடித்துச் சொன்னது. அதோடு நிற்கவில்லை. எகிப்து, மெக்சிகோ, பெரு ஆகியவற்றின் நாகரிகங்கள் எல்லாமே அட்லாண்டிஸிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கட்டியவை. ஆரியர்களுக்கும் செமித்தியர்களுக்கும் அதுவே மூலத்தாயகம் என்றார். அதாவது பிரமிடு கட்டியவனுக்கு அது தன் சொந்தச் சரக்கு இல்லை என்று ஆகிவிடுகிறது. பிரிட்டிஷ் படை எகிப்தைப் பிடித்ததும் அதே 1882இல்தான். ஒன்றால் மற்றொன்று நடந்தது என்று சொல்லவரவில்லை. நிலத்தைப் பிடுங்கிய காலம், பிடுங்கப்பட்டவர்களின் இறந்தகாலத்தையும் எவ்வளவு இயல்பாகப் பிடுங்கிக்கொண்டது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

இந்த இருட்டில் விளக்கேற்றியவர்களில் ஒருவர், கப்பலில் ஏற்றப்படாத ஒரு பெண். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாமண்ட் ஆய்வகத்தில் வேலை பார்த்த மேரி தார்ப். பெண் என்பதால் 1960களின் நடுப்பகுதி வரை அவருக்கு ஆய்வுக் கப்பலில் இடமில்லை. புரூஸ் ஹீசன் போன்றவர்கள் கடலில் சேகரித்த எதிரொலி அளவுகளை மேசையில் பரப்பி, படம் வரைவது அவர் வேலை. 1952 வாக்கில், நடுக்கடல் மேட்டின் உச்சியிலேயே நெடுக ஒரு பிளவு ஓடுவதைக் கண்டு சொன்னார். ஹீசன் அதைப் பொம்பளைப் பேச்சு என்று ஒதுக்கினார். அப்புறம் நிலநடுக்க மையங்களைத் தனிப் படமாக வரைந்து ஒப்பிட்டபோது, அவை அந்தப் பிளவின் மேலேயே வரிசையாக விழுந்தன. ஹீசன் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்தப் பிளவுதான் எல்லாவற்றையும் தலைகீழாக்கியது. 1962இல் ஹாரி ஹெஸ்ஸும், 1963இல் வைனும் மாத்யூஸும் எழுதிய கட்டுரைகளுக்குப் பிறகு படம் தெளிவானது. பிளவு வழியே உருகிய பாறை மேலே வந்து இறுகிப் புதுத் தரையாகிறது; பழைய தரை இருபுறமும் விலகுகிறது. அட்லாண்டிக் தரையின் மிகப் பழைய பகுதிக்கே வயது சுமார் 18 கோடி ஆண்டுகள்தான். கனடாவில் 400 கோடி ஆண்டுப் பாறை நிலத்தின் மேல் வெயில் காய்கிறது. டானலி எதை மூழ்கிய பழைய உலகம் என்றாரோ, அது பூமியிலேயே புத்தம் புதிய தரை. ஆழத்தில் இருந்தது கல்லறையல்ல, பிரசவ அறை.

சரி, நம் கதைக்கு வருவோம். மடகாஸ்கரின் லெமூர்களுக்கு இந்தியாவில் உறவு இருப்பதை விளக்க 1864இல் பிலிப் ஸ்க்ளேட்டர் என்ற விலங்கியலாளர் கற்பித்த கண்டம் லெமூரியா. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்டதாகச் சிலப்பதிகாரம் சொல்வதையும், உரையாசிரியர்கள் சொன்ன 49 நாடுகளையும் தமிழறிஞர்கள் அதோடு ஒட்டவைத்தார்கள். தமிழ் தன் தொன்மைக்குச் சான்று காட்டும்படி நிர்ப்பந்திக்கப்பட்ட காலம் அது. அந்தக் காயம் நிஜம். மருந்துதான் காலனிய விலங்கியலிடம் வாங்கிய கடன். கண்டங்களே நகர்கின்றன என்று தெரிந்ததும் ஸ்க்ளேட்டரின் கண்டத்துக்குத் தேவையே இல்லாமல் போயிற்று. 2013இல் மொரீஷியஸுக்கு அடியில் பழைய கண்டத் துணுக்கு இருப்பதற்கான தடயம் கிடைத்தபோது, பாத்தீங்களா லெமூரியா என்று குதித்தவர்கள் உண்டு. அந்தத் துணுக்கு பிய்ந்து பிரிந்தது பல கோடி ஆண்டுகளுக்கு முன்னால். அப்போது மனுஷனே கிடையாது. தமிழ் எங்கிருந்து வரும்?

அப்படியானால் கடல்கோள் என்பதே புளுகா? இல்லை. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி உருக உருக, மனிதர்கள் நடமாடிய கரைநிலங்கள் உலகெங்கும் மூழ்கின. பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும் இடையில் இருந்த அப்படியொரு நிலத்துக்கு இன்று டாக்கர்லாந்து என்று பெயர். 1931இல் வட கடலில் கொலிண்டா என்ற மீன்பிடிப் படகின் வலையில் ஒரு கரிமண் கட்டி வந்தது. உள்ளே மான்கொம்பில் செதுக்கிய, முள் வைத்த ஈட்டிமுனை. யாரோ வேட்டைக்காரன் விட்டுப்போனது. நம் பாக் நீரிணையும் ஒருகாலத்தில் நடந்து கடக்கக்கூடிய தரையாக இருந்ததுதான்.

மனிதர் வாழ்ந்து இழந்த நிலம் ஆழம் குறைந்த இடத்தில்தான் கிடக்கிறது. அங்கே பொற்கோயில் இல்லை, மன்னர் வரிசை இல்லை. மான்கொம்பும் சாம்பலும் கிளிஞ்சல் குவியலும்தான் கிடைக்கும். பெருமை பேச அது போதாது என்றுதானே ஆழத்துக்குப் போகிறோம்? கடல்கோளை ஆராய நினைப்பவர்கள் வரைபடத்தில் கருநீலத்தை விட்டுவிட்டுக் கரையோரத்து வெளிர்நீலத்தைப் பார்க்கட்டும். முதல் காரியமாக, அங்கே தினமும் வலை போடுகிறவர்களிடம் போய் வலையில் என்ன வந்தது என்று கேட்கட்டும்.