வந்த பயிர், இருந்த பூச்சி

மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் முதலில் கண்மாய்ப் பாசன நெல்வயல்தான். ஆவுடையார்கோவில், அறந்தாங்கி கடந்து ஆலங்குடிப் பக்கம் போன பிறகே செம்மண்ணும் கடலைக்காடும் கண்ணில் படும். 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை மீமிசல் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். ஆலங்குடியோ தொண்டைமான் சமஸ்தானத்து மண். ஆட்சி மாறினாலும் மாறாவிட்டாலும் இரண்டு பக்கத்து விவசாயிகளும் இலைக்குள் புகுந்து தின்னும் பூச்சிகளோடு மல்லுக்கட்டியே வந்திருக்கிறார்கள்.

இலைக்கு மேல்தோல் ஒன்று, கீழ்த்தோல் ஒன்று. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பச்சையத்தை மட்டும் தின்றுகொண்டே போகிற புழுக்கள் உண்டு. வெயிலும் தெளிக்கிற மருந்தும் அவற்றை எளிதில் தொடுவதில்லை. அப்படிப்பட்டவற்றில் இந்த வட்டாரத்துக்குப் பழகியது கடலையின் சுருள் பூச்சி. அது ஈ அல்ல, சிறு அந்துப்பூச்சி. அதன் புழு முதலில் இலையைக் குடையும். கொஞ்சம் வளர்ந்ததும் பக்கத்து இலைகளை நூலால் இழுத்துக் கட்டி உள்ளே குடியிருக்கும். மழை இரண்டு வாரம் ஏமாற்றினால் மானாவாரிக் காடு தூரத்திலிருந்து தீய்ந்தாற்போலத் தெரியும். நல்ல மழை ஒன்று அடித்தால் தானாகவே குறையும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கடலை இந்த நாட்டுப் பயிரே அல்ல. தென் அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து வந்து, 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் வேரூன்றி, புதுச்சேரித் துறைமுகம் வழியாக மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிய பயிர் அது. சுருள் பூச்சி தென் அமெரிக்காவிலிருந்து அதனுடன் வரவில்லை. இங்கே கார்போகி போன்ற செடிகளில் காலம் தள்ளிக்கொண்டிருந்த உள்ளூர்ப் பூச்சி, காடு காடாகப் புதுத் தீவனம் விரிந்ததும் அதற்கு மாறிக்கொண்டது.

நூறு ஆண்டு கழித்து இதே கதை தலைகீழாக நடந்தது. 1991இல் ஐதராபாத்தில் ஆமணக்கு இலைகளில், கோலம் பழகாத பிள்ளை இழுத்த இழை போல, வளைந்து நெளிந்த வெள்ளைக் கோடுகள் தென்பட்டன. குடைந்தது லிரியோமைசா டிரைஃபோலி என்னும் ஈயின் புழு. 2 மில்லிமீட்டர்கூட இல்லாத, மஞ்சளும் கறுப்புமான ஈ. 1914இல் பிளெட்சர் எழுதிய தென்னிந்தியப் பூச்சிகள் நூலிலும், 1940இல் டி. வி. ராமகிருஷ்ண ஐயர் வெளியிட்ட கையேட்டிலும் இதைத் தேடிப் பயனில்லை. இது அமெரிக்க ஈ. 1970களில் புளோரிடாவிலிருந்து ஏற்றுமதியான சாமந்தி நாற்றுத் துண்டுகளுக்குள் ஒளிந்து கென்யாவுக்குப் போய், ஐரோப்பாவின் பசுமைக்குடில்களில் நுழைந்து, உலகைச் சுற்றிய ஈ. இங்கே வந்த சில ஆண்டுகளிலேயே தக்காளி, பருத்தி, தட்டப்பயறு, பீர்க்கு, வெள்ளரி என்று தென்னிந்தியத் தோட்டங்களில் பரவிவிட்டது. வேளாண் துறையினர் இதை இலைத்துளைப்பான் என்கிறார்கள்.

பெண் ஈ இலையில் குத்தித் துளையிட்டுச் சாற்றை உறிஞ்சும். சில துளைகளில் முட்டையும் வைக்கும். ஆண் ஈக்குக் குத்தத் தெரியாது, பெண் போட்ட துளையில் வாய் வைத்துப் பிழைக்கிறது. புழு வளர வளரக் கோடும் அகலமாகும். ஒரு வாரத்துக்குள் தோலைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும். கோட்டைப் பார்த்துவிட்டு மருந்து அடிக்க ஓடுகிறவர்கள் பல நேரம் காலிச் சுரங்கத்துக்குத்தான் அடிக்கிறார்கள்.

அடிப்பதால் நன்மை இல்லாமல் போவதோடு நிற்பதில்லை. இந்த ஈயின் நெருங்கிய உறவான இன்னொரு லிரியோமைசா, மெத்தோமில் தெளித்த தக்காளியில் குறைவதற்குப் பதில் பெருகியதை 1976இல் ஓட்மன், கென்னடி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதினார்கள். புழு இலைக்குள் பத்திரமாக இருந்தது. அதைத் தேடி வரும் குளவிகள்தான் வெளியே நின்று செத்தன. புளோரிடாவிலோ ஒவ்வொரு மருந்தும் இரண்டு மூன்று ஆண்டில் செல்லாக்காசானது.

குளவி என்றதும் கொட்டுகிற செங்குளவியை நினைக்க வேண்டாம். இவை ஈயை விடவும் சிறியவை. நம் பக்கத்தில் முக்கியமானது ஹெமிப்டார்செனஸ் வேரிகார்னிஸ். இலை மேல் நடந்து, தோலுக்கடியில் புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஊசியை இறக்கி அதைச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் முட்டையிடும். வெளிவரும் குளவிப்புழுவுக்கு அந்த ஈப்புழுதான் சாப்பாடு. வேரிகார்னிஸை யாரும் இறக்குமதி செய்யவில்லை. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஏற்கெனவே வேறு இலைக்குடைப்பான்களைத் தின்று வாழ்ந்த குளவி அது. அயல்நாட்டு விருந்தாளி வந்ததும் பந்தியை மாற்றிக்கொண்டது, அவ்வளவே.

இன்னொரு ஆயுதம் வேம்பு. இதற்கும் ஒரு சுற்றுவழிக் கதை உண்டு. 1980களில், ஈ இந்தியாவை எட்டுவதற்கு முன்பே, அமெரிக்க ஆய்வாளர்கள் சாமந்தித் தொட்டி மண்ணில் வேப்பங்கொட்டைச் சாற்றை ஊற்றிப் பார்த்தார்கள். வேர் அதை இழுத்து இலைக்கு அனுப்ப, சுரங்கத்துக்குள் இருந்த புழு வளர்ச்சி கெட்டது. 1985இல் மார்கோசன் ஓ என்ற வேம்பு மருந்துக்கு அங்கே அரசு அனுமதியும் கிடைத்தது. நம் வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைப்பது 5 சத வேப்பங்கொட்டைச் சாறு: 5 கிலோ பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டினால் 100 லிட்டருக்கு ஆகும். கொட்டை மீமிசலிலும் வீட்டு வாசலில் கொட்டிக் கிடக்கிறது. இடிக்கத்தான் ஆள் வேண்டும். கடைப் புட்டி ஜெயிப்பது அந்த ஒரு காரணத்தால்தான்.

கடலைக்காட்டுச் சுருளுக்கு வேறொரு யோசனை. நாலு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு. கம்பை ஊடுபயிராக விட்ட காட்டில் சுருள் புழுவைத் தாக்கும் கோனியோசஸ் என்ற குளவி கூடுதலாகத் தங்குவதைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கண்டார்கள். கடலையோடு கம்பும் கலந்து விதைத்தவர்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது. காரணம் மட்டும் புதிது.

2014இல் தென் அமெரிக்காவிலிருந்து அடுத்த குடைப்பான் வந்தது. டூட்டா அப்சல்யூட்டா என்ற அந்துப்பூச்சி, மகாராஷ்டிரத்தின் புனே பக்கத்துத் தக்காளியில் முதலில் பிடிபட்டு, விரைவிலேயே தமிழ்நாட்டுக்குள்ளும் நுழைந்தது. பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகத்தினர் அதைத் தின்னும் உள்ளூர் எதிரிகளைத் தேடி 2016இல் ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் ஒரு நாவாய்ப்பூச்சியும் சில குளவிகளும் இருந்தன. குளவிகளில் ஒன்று கோனியோசஸ் இனத்தைச் சேர்ந்தது.